கீரை ஆய ஒரு குட்டி ஆள்: ஒன்றரை வயதிலிருந்தே பிள்ளையை வீட்டு வேலையில் சேர்த்துக்கொள்வது எப்படி

என் பெரிய பையன் நடை பழகின வயதில் என் பின்னாலேயே வருவான். நான் கூடத்தைப் பெருக்கினால் துடைப்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வான், அம்மா முறத்தில் அரிசி புடைத்தால் கையை விட்டு அளைவான், கடையில் உட்கார்ந்து மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தால் கம்பிச் சுருளை இழுப்பான். "போடா அந்தப் பக்கம், அப்பாவுக்கு வேலை கிடக்கு" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒரு கட்டத்தில் அவனும் போய்விட்டான். இப்போது ஏழு வயது. சாப்பிட்ட தட்டை எடுத்துக் கொல்லையில் போடச் சொன்னால் நாலு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது, நாலாவது தடவை என் குரலும் நன்றாக இருப்பதில்லை.

சின்னவளுக்கு ரெண்டே முக்கால் வயது. இவளிடம் அந்தத் தப்பைச் செய்யவில்லை. வேறு தப்புகள் செய்தேன், அதையும் சொல்கிறேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், ஓட்டு வீடு, முன்னால் திண்ணையை ஒட்டி என் கடை, பின்னால் கொல்லை, கொல்லை முடிகிற இடத்தில் வாய்க்கால். மனைவி டீச்சர், எட்டு மணிக்குப் பஸ் ஏறிவிடுவார். பகல் முழுக்கப் பிள்ளை என் கையிலும் என் அம்மா கையிலும்தான். ஆகவே இதில் படித்துச் சொல்வது கொஞ்சம், பட்டுச் சொல்வது நிறைய.

காலைச் சுற்றி வருகிறதே, அதுதான் ஆரம்பம்

2006ல் வார்னெக்கன், டொமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜெர்மனியில் செய்த ஒரு சோதனை வெளியானது. ஒன்றரை வயதுப் பிள்ளைகள் 24 பேர். அதிகம் பழக்கமில்லாத ஒரு ஆள் துணி காயப்போடுகிறார், கிளிப் கைதவறிக் கீழே விழுகிறது, கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறார், எட்டவில்லை. எடுத்துக் கொடு என்று யாரும் கேட்கவில்லை, மிட்டாய் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. இது மாதிரி பல நிலைமைகளை வைத்துப் பார்த்ததில் 24ல் 22 பிள்ளைகள் ஒரு தடவையாவது தானாகப் போய் உதவின. அவர்களே 2008ல் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள்: உதவி செய்ததற்குப் பொருளாகப் பரிசு கொடுத்துப் பழக்கிய இருபது மாதப் பிள்ளைகள், பரிசு நின்ற பிறகு மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவின.

இதைப் படித்தபோது எனக்குப் பெரியவன் ஞாபகம்தான் வந்தது. உதவி செய்கிற ஆசையை நாம் ஊட்ட வேண்டியதே இல்லை, அது ஒன்றரை வயதில் தானாக வந்து நம் வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. விரட்டாமல் இருந்தால் போதும். அப்புறம், சாக்லேட் கொடுக்காதீர்கள், செல்போன் காட்டுகிறேன் என்று ஆசை காட்டாதீர்கள்.

ஆனால் ஒரு கணக்கை முதலிலேயே சரி பண்ணிக்கொள்ளுங்கள். இந்த வயதுப் பிள்ளையால் உங்களுக்கு வேலை குறையாது. பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை அரை மணி ஆகும், தரை நனையும், கீரைத் தண்டு கட்டிலுக்கடியில் கிடக்கும். எப்படியும் அந்த அரை மணி பிள்ளையைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கப் போகிறோம் என்று எடுத்துக்கொண்டால் கோபம் வராது. வேலையும் முடியணும், பிள்ளையும் பழகணும் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்தால் இரண்டும் நடக்காது, நான் முயற்சி பண்ணிப் பார்த்தாயிற்று.

எப்போது, எதை வைத்து

நேரம் முக்கியம். காலை ஏழு மணிக்கு, ஒருத்தர் பஸ்ஸுக்கு ஓட ஒருத்தர் டிபன் கட்ட என்று வீடு பறக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். விளக்கு வைக்கிற நேரமும் வேண்டாம், பிள்ளை அசதியில் சிணுங்கும். எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கு மேல். அடுப்படி ஓய்ந்திருக்கும், பிள்ளை ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அடுத்து என்ன என்று பார்த்துக்கொண்டிருக்கும். முதல் ஒரு வாரம் ஒரே வேலைதான். இன்றைக்குக் கீரை, நாளைக்குத் துணி என்று மாற்றினால் அதற்கு எதுவும் பிடிபடாது.

சாமான்களுக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. பழைய ஈரிழைத் துண்டை நாலாகக் கிழித்தால் நாலு துடைக்கிற துணி. தேய்ந்து கட்டையான தென்னங்குச்சி விளக்குமாற்றைப் பிரித்து, பிள்ளையின் ரெண்டு கைக்கும் அடங்குகிற பருமனில் கட்டினால் குட்டி விளக்குமாறு, ஆனால் குச்சியின் கூர்முனையைத் தரையில் தேய்த்து மழுக்கிவிட்டுக் கொடுங்கள். சின்ன எவர்சில்வர் டம்ளர் ரெண்டு, விளிம்பு உயர்ந்த தாம்பாளம் ஒன்று, இறுக்கம் குறைந்த துணிக் கிளிப்புகள். சின்ன முறம் திருவிழாக் கடைகளில் கிடைக்கும், நிஜமாகப் பின்னினதா என்று பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் அடுப்பு, பிளாஸ்டிக் கரண்டி என்று விளையாட்டு செட் விற்கிறார்களே, பிள்ளைகள் அதை ரெண்டு நாளில் மூலையில் போட்டுவிட்டு மறுபடி நம் கரண்டிக்குத்தான் வருகின்றன. பொய்ச் சாமானில் எதுவும் நடக்காது என்பது அவற்றுக்குத் தெரிந்துவிடுகிறது.

1907ல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற பெயரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பித்த இத்தாலிக்காரர் மரியா மாண்டிசோரியும் இதையேதான் செய்தார்: பிள்ளை உயரத்துக்கு நாற்காலி மேசை, பிள்ளை கைக்கு அடங்குகிற துடைப்பம், நிஜத் தண்ணீர். அவர் 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் மூண்டதால் பல வருஷம் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்றைக்கு அவர் பெயரில் ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிறார்கள். அதில் ஒரு பங்கை நம் முற்றத்தில் தாம்பாளத்தை வைத்தே செய்துவிடலாம்.

எல்லாவற்றையும் பிள்ளை எட்டுகிற உயரத்தில், ஒரே இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் ரேழிச் சுவரில் தரையிலிருந்து ரெண்டடி உயரத்தில் ரெண்டு ஆணி. அதில் குட்டி விளக்குமாறும் துண்டுத் துணியும் தொங்கும். பால் கொட்டினால் அவளே போய்த் துணியை எடுத்து வருகிறாள். நம்மைக் கேட்டு எடுக்க வேண்டிய இடத்தில் வைத்தால் இது நடக்காது.

கீரையை வைத்து முழு முறையும்

ஒரே வேலையை முழுசாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதே வழிதான்.

முளைக்கீரை ஒரு கட்டு வாங்குங்கள். தண்டுக்கீரையும் சரி. இலை பெரிசாக இருக்க வேண்டும், அதுதான் காரணம். அரைக்கீரையில் இலை பொடிசு, இந்த வயதுக்குப் பொறுமை போதாது. வேரை நறுக்கிப் போட்டுவிட்டு, நன்றாக உதறி, ரெண்டு தண்ணீரில் அலசி வடியவிடுங்கள். மருந்து அடித்த கீரையா, மண்ணா, பூச்சியா எதுவாக இருந்தாலும் அது பிள்ளை கைக்கு வருமுன் போய்விட வேண்டும், ஏனென்றால் முதல் இலை எப்படியும் வாய்க்குத்தான் போகும்.

தரையில் தாம்பாளம். அதில் மொத்தக் கட்டையும் வைக்காதீர்கள், ஐந்தாறு தண்டு போதும். இந்தப் பக்கம் இலைக்கு ஒரு கிண்ணம், அந்தப் பக்கம் தண்டுக்கு ஒரு கிண்ணம். பிள்ளைக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். எதிரில் உட்கார்ந்தால் உங்கள் வலது கை அதற்கு இடப் பக்கமாகத் தெரிந்து குழம்பும்.

இப்போது ஒரு இலையைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, ரொம்ப மெதுவாக, டப் என்று சத்தம் வருகிற மாதிரி கிள்ளிக் கிண்ணத்தில் போட்டுக் காட்டுங்கள். வாய் திறக்காதீர்கள். இது எனக்குக் கடைசியாகத்தான் புரிந்தது. "இங்க பாரு, இப்படிப் புடி, இல்ல இல்ல அப்படி இல்ல" என்று நாம் பேச ஆரம்பித்தால் பிள்ளை நம் வாயைப் பார்க்கும், கையைப் பார்க்காது. மூன்று இலை கிள்ளிக் காட்டிவிட்டுத் தாம்பாளத்தை அதன் பக்கம் தள்ளிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். என் மகள் முதல் நாள் ஆறு இலை கிள்ளினாள். மிச்சத்தை முழுத் தண்டோடு இலைக் கிண்ணத்தில் அமுக்கினாள். ஏழாவது நிமிஷம் எழுந்து போய்விட்டாள். திருத்தவில்லை, கூப்பிடவில்லை. அவள் தூங்கின பிறகு அம்மா மிச்சத்தை ஆய்ந்தார். மத்தியானம் பரிமாறும்போது மட்டும், "இது பாப்பா ஆய்ஞ்ச கீரை" என்று எல்லார் தட்டிலும் சொல்லிச் சொல்லி வைத்தார். மசியலைத் தொடாத பிள்ளை அன்றைக்கு ரெண்டு வாய் வாங்கிக்கொண்டது. (தினமும் இந்த அதிசயம் நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள், மறுநாள் துப்பிவிட்டாள்.) மூணு வாரத்தில் ஐந்தாறு தண்டையும் முடித்துவிட்டு இன்னும் கேட்டாள்.

பாராட்டுவதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். எதற்கெடுத்தாலும் கைதட்டி "சூப்பர், வெரி குட்" என்று கத்தினால் பிள்ளை அடுத்த இலையைக் கிள்ளிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும், கைதட்டலுக்காக. நடந்ததைச் சொன்னால் போதும்: "கிண்ணம் நிறைஞ்சிடுச்சே, மசியலுக்கு ஆச்சு." செல்போனை எடுத்து வீடியோ பிடிப்பதும் இதே சங்கதிதான்.

முடிப்பதும் வேலையில் சேர்த்தி. தண்டை எடுத்து ஆட்டுக்குப் போடுவது, தாம்பாளத்தை எடுத்து வைப்பது, கை கழுவுவது. முதல் மாதம் நீங்களே செய்யுங்கள், பிள்ளை கூட வந்து பார்க்கட்டும். அப்புறம் தானாகத் தண்டுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டுப் பக்கம் ஓடும்.

முருங்கைக்கீரைக்கு மூணு வயது ஆகட்டும், ஈர்க்கைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவுவதற்கு ரெண்டு கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அது வந்துவிட்டால் பிள்ளைக்கு அதைவிட ஆனந்தம் இல்லை. வாழைப்பூவில் மடல் பிரிக்கிற வேலை ரெண்டரை வயதிலேயே முடியும், உள்ளே வரிசையாகப் பூ இருப்பதைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் வாயைப் பிளக்கும். கையில் எண்ணெய் தடவிவிடுங்கள், பழைய சட்டை போட்டுவிடுங்கள், அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. நரம்பு எடுப்பது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சின்ன வெங்காயத்தை ரெண்டு முனையும் நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் கழன்று வரும், மூணு வயதுக்கு மேல் உரிக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டால் அன்றைய வேலை அதோடு சரி.

வயதுக்கு எது

ஒன்றரை வயதில் ஒரு வேலைக்கு ஒரு சொல்தான். "கொண்டா", "போடு", "துடை". வாசலில் கிடக்கிற செருப்புகளை ஜோடி சேர்க்கிற வேலை இந்த வயதுக்கென்றே இருக்கிறது. எங்கள் வீட்டில் கடைக்கு வருகிறவர்கள் செருப்பையும் இவள் ஜோடி சேர்த்து, யாருடையதோ ஒன்றை மாட்டிக்கொண்டு நடந்தும் விடுவாள். கை கழுவ மறக்காதீர்கள். துவைத்த துணியைப் பக்கெட்டிலிருந்து ஒன்றொன்றாக எடுத்து நீட்டுவதும் இப்போதே முடியும், பிழிந்து தண்ணீர் வடிந்த பக்கெட்டாக இருந்தால்.

ரெண்டு வயதைத் தாண்டினால் இரண்டு வேலையைச் சேர்த்துச் சொல்லலாம்: "டம்ளரை எடுத்து அப்பாயிகிட்ட குடு." இந்த வயதுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைதான் ராஜா. முதலில் தண்ணீர் வேண்டாம், ஒரு டம்ளரில் பாதி அரிசி, அதைத் தாம்பாளத்துக்குள் வைத்து இன்னொரு டம்ளரில் ஊற்றட்டும். சிந்தாமல் ஊற்ற வந்த பிறகு தண்ணீர். பிறகு அரிசி களைந்த கழுநீரைச் சின்னச் சொம்பில் கொடுத்தால் கொல்லையில் இருக்கிற கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டு வரும், நீங்கள் கூடப் போக வேண்டும்.

அரிசி அளக்கவும் விடுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் ஆழாக்கு இருக்கிறது, எட்டு ஆழாக்கு ஒரு படி. மூணு ஆழாக்கு அளந்து போடுவது பாப்பா வேலை. என் அம்மா களத்தில் நெல் அளக்கிற பழக்கத்தில் ஒன்று என்று சொல்லமாட்டார், முதல் அளவை "லாபம்" என்பார், அப்புறம் ரெண்டு, மூணு. பாப்பா அதைப் பிடித்துக்கொண்டு லாபம், லாபம், லாபம் என்று மூணையும் லாபமாகவே எண்ணுகிறாள். திருத்த மனசு வரவில்லை.

மூணு வயதில் துணிக் கிளிப். அழுத்திப் பிடித்துத் துணியில் மாட்டுவதற்கு வேண்டிய விரல் பலம் பென்சில் பிடிப்பதற்கும் வேண்டியதுதான், அதனால் எழுதச் சொல்லி அவசரப்படுத்துகிறவர்கள் முதலில் ஒரு கொடியைத் தாழ்த்திக் கட்டிவிடலாம். கொடி பிள்ளையின் கழுத்து உயரத்தில் மட்டும் இருக்கக் கூடாது, நெஞ்சுக்குக் கீழே இருக்கட்டும், நீங்கள் நகர்ந்தால் அவிழ்த்துவிடுங்கள். கர்சீப், துண்டு மடிப்பது. சாப்பாட்டுக்குத் தட்டு வைப்பது, எத்தனை பேர் என்று எண்ணி. வாழையிலை என்றால் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைப்பது. நுனி சாப்பிடுகிறவரின் இடது பக்கம் வர வேண்டும் என்பதில் இடது வலது தானாகப் பதிந்துவிடும். என் பையனுக்கு இடது வலது ஐந்து வயதில்கூடத் தடுமாறியது.

துண்டு மடிப்பதில்தான் நான் சொதப்பினேன். அவள் கசக்கிச் சுருட்டி வைத்த நாலு துண்டை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்து உதறி ஒழுங்காக மடித்து வைத்தேன். யோசிக்காமல் செய்ததுதான், கை பழக்கம். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். அதன் பிறகு ரெண்டு வாரம் துண்டுப் பக்கமே வரவில்லை. சரியில்லாததை நீங்கள் சரிசெய்துதான் ஆக வேண்டும் என்றால் பிள்ளை தூங்கட்டும். அல்லது அப்படியே அலமாரியில் வையுங்கள், சுருட்டின துண்டும் தலை துவட்டும்.

கோலத்துக்கு நாலு வயது வரை காத்திருக்க வேண்டாம். அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்ட பிறகு ஓரமாக ஒரு முழ இடம் பாப்பாவுக்கு. கல் மாவு வேண்டாம், அரிசி மாவுதான், வாயில் போட்டாலும் பயமில்லை. புள்ளி வைப்பதாக நினைத்து மாவைக் குவியலாகக் கொட்டுவாள், எறும்புக்கும் குருவிக்கும் ஆயிற்று.

எங்கே கண்ணை எடுக்கவே கூடாது

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நம் ஊரில் வீட்டைச் சுற்றித் தண்ணீர். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் கொஞ்ச நாளில் கொல்லை வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும், நேற்று வரை காய்ந்து கிடந்த இடம் என்பது பிள்ளைக்குத் தெரியாது. தண்ணீர் ஊற்றும் ஆசை பிடித்த பிள்ளை தண்ணீரைத் தேடித்தான் போகும். ஆகவே தண்ணீர் வேலை முற்றத்திலோ வாசலிலோ மட்டும், கொல்லைக்கதவுக்கு மேல் தாழ்ப்பாள். வாய்க்காலைவிட ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது: பாதி நிறைந்த பக்கெட். இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம், எட்டிப் பார்க்கும்போது தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது, நாலு விரல்கடைத் தண்ணீர் போதும். வேலை முடிந்ததும் பக்கெட், அண்டா, தவலை எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள்.

அரிவாள்மனை. நம் வீடுகளில் தரையிலேயே கிடக்கும். பிள்ளை அடுப்படிக்குள் வேலைக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து அது சுவரில் ஏற வேண்டும், பயன்படுத்தும்போது மட்டும் இறங்க வேண்டும். கஞ்சி வடிக்கிற நேரத்தில் அடுப்படியில் பிள்ளை இருக்கவே கூடாது. குழம்புப் பாத்திரத்தை இறக்கித் தரையில் வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள்.

மொச்சை, பட்டாணி, கடலை, புளியங்கொட்டை. தை மாதம் மொச்சைக்காய் உரிக்கிற வேலை பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை, ஆனால் ஒன்று வாய்க்குப் போகும், இல்லையென்றால் மூக்குக்குப் போகும். மூச்சுக்குழலில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. மூணு வயது முடியும்வரை அதைக் கொடுக்க வேண்டாம், அதற்குப் பிறகும் நாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான். மூக்கில் போட்டுக்கொண்டால் ஊக்கு, ஹேர்பின் எதையும் விட்டு நோண்டாமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மூச்சுத் திணறினால் 108.

தரை துடைக்கப் பச்சைத் தண்ணீர் போதும், பினாயில் கலந்தது பிள்ளை கைக்கு வேண்டாம். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன, தயவுசெய்து இன்றைக்கே மாற்றுங்கள். வைக்கோல் போர், தேங்காய் மட்டைக் குவியல், விறகு அடுக்கு இருக்கிற பக்கம் எடுத்து வரச் சொல்லி அனுப்பாதீர்கள், பூச்சி பொட்டு இருக்கும். அறுப்புக் காலத்தில் களத்துப் பக்கமும் வேண்டாம், நெல் சுணை பட்டால் ராத்திரி முழுக்கச் சொறிந்து அழும்.

வீட்டுப் பெரியவர்களும் பக்கத்து வீடும்

முதல் எதிர்ப்பு என் அம்மாவிடமிருந்துதான் வந்தது. "பச்சப்புள்ளய வேலை வாங்குறான் பாரு" என்று. வாதம் பண்ணவில்லை. "நீதாம்மா சொல்லிக்குடு, எனக்குக் கீரை ஆய வராது" என்று தாம்பாளத்தை அவர் முன்னால் வைத்துவிட்டேன். ஒரு வாரத்தில் பேத்தியின் வாத்தியார் அவர்தான் என்றாகிவிட்டது, இப்போது நான் நடுவில் போனால் எனக்கே திட்டு விழுகிறது. பெரியவர்கள் இருக்கிற வீட்டில் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், நம்மைவிட அவர்களுக்கு நேரமும் உண்டு, கை வேகமும் குறைந்திருக்கும், பிள்ளை வேகத்துக்கு அதுதான் ஒத்துவரும்.

அடுத்த பேச்சு பக்கத்து வீட்டில். இவள் துடைப்பத்தோடு நின்றால் "பொம்பளப் புள்ளதானே, பழகட்டும்" என்பார்கள். பெரியவனை இப்போது தாமதமாகப் பழக்குகிறேன், அவன் துடைப்பம் எடுத்தால் "ஆம்பளப் புள்ள கையில இதைக் குடுக்கலாமா" என்பார்கள். எனக்கு ரெண்டாவது பேச்சைவிட முதல் பேச்சுதான் அதிகம் எரிச்சல். நான் செய்வதெல்லாம், வாசல் பெருக்குகிற வேலையை நான் எடுத்துக்கொண்டதுதான். அப்பா பெருக்குகிற வீட்டில் பையனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சில நாள் மாட்டேன் என்று சொல்லும். ரெண்டு வயதில் மாட்டேன் என்பதுதான் பாதிப் பேச்சு. வற்புறுத்தாதீர்கள், நீங்கள் பாட்டுக்கு உட்கார்ந்து கீரையை ஆயுங்கள், பத்தில் ஏழு நாள் ஐந்து நிமிஷத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். வராத மூணு நாள் போகட்டும். காய்ச்சல், பல் முளைக்கிற நேரம், வீட்டில் புதுப் பாப்பா வந்திருக்கிறது என்றால் ஒரு மாதம்கூட விட்டுவிடலாம். தண்டனையாக மட்டும் வேலை கொடுக்காதீர்கள். "சேட்டை பண்ணினியா, போய்ப் பெருக்கு" என்று ஒரு தடவை சொன்னால் போதும், துடைப்பம் அன்றோடு கெட்டது ஆகிவிடும்.

கடைசியாக ஒரு சாக்கு

எல்லாம் பழகின பிறகு, கீரை ஆய்ந்த பிள்ளைக்குக் கீரை விதைக்கவும் கொடுங்கள். பழைய உரச்சாக்கை நன்றாக அலசிப் பாதி உயரத்துக்கு மடித்து, அடியில் நாலு ஓட்டை போட்டு, மண்ணும் மக்கின சாணமும் கலந்து நிரப்புங்கள். உங்கள் கைதான் சாணத்தைத் தொட வேண்டும். முளைக்கீரை விதை பொடியாக இருக்கும், பிள்ளை கையில் கொடுத்தால் ஒரே இடத்தில் கொட்டும், அதனால் ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து கொடுங்கள். தூவுவதாக நினைத்து எறியட்டும். மேலே ஒரு பிடி மண்ணைத் தூவிவிட்டு, சொம்பால் ஊற்றாமல் கையை நனைத்துத் தெளிக்கச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் முளைத்துவிடும், இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். முளைக்கிற வரை காலையில் பல் துலக்குவதற்கு முன்னாலேயே உங்கள் விரலைப் பிடித்துச் சாக்குப் பக்கம் இழுக்கும். கடையில் ஆள் நின்றாலும் ஒரு நிமிஷம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், கோழி மட்டும் கிளறாமல் மேலே ஒரு முள்ளைப் போட்டுவிடுங்கள்.